நீ பீரோவுக்குள் இல்லை என்று இரண்டு வரி எழுதவும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. ‘அன்புள்ள’ என்று மேலே விழுந்திருப்பது கைப்பழக்கம். நாற்பது வருஷம் குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போட்டு, அதற்கு முகப்புக் கடிதம் எழுதிய கை, அந்த மாதிரி ஏதாவது ஒன்றைப் போடாமல் நகராது. அதற்குள் வேறு அர்த்தம் தேடிக்கொண்டிராதே. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீ, உன் மனைவி, மகள் எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல் என்று எழுதச் சொல்லி உன் அண்ணி அடுப்படியிலிருந்து கத்துகிறாள். ஆவல் அவளுடையது. எழுதுவது மட்டும் நான்.

பதினோரு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். சமாதானம் பேச இல்லை, அந்த நினைப்பே வேண்டாம். இது முழுக்க அலுவல் விஷயம். நீ ஒரு பீரோவுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை, வெளியே நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று உன் கைப்பட இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். அதைப் பெறப்போகிறவர்கள் ஆரம்பப் பள்ளி மூன்றாம் வகுப்பு மாணவ மாணவியர், மொத்தம் முப்பத்து நான்கு பேர். உன் அண்ணனுக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் மீதியையும் படி.

எல்லாம் எங்கள் மாடி வீட்டு டீச்சரால் வந்தது. சின்னப் பெண், மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். இந்தக் காலத்துக் கட்டுரை நாம் எழுதியது போல இல்லையாம். நமக்கெல்லாம் கரும்பலகையில் ‘பசு ஒரு வீட்டு விலங்கு’ என்று எழுதிப் போடுவார்கள், நாற்பது பேரும் அதே பசுவைக் காப்பி அடிப்போம், நாற்பது பசுவுக்கும் நான்கு கால் இருக்கும், உன் பசுவுக்கு மட்டும் மூன்று கால் இருந்ததற்கு நீ அடி வாங்கினாய். இவள் வாரம் ஒரு ஓவியத்தைக் கொண்டுபோய் வகுப்பில் மாட்டுகிறாள். முதல் ஐந்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். அப்புறம் என்ன தெரிகிறது என்று கேட்கிறாள், என்ன சத்தம் கேட்கிறது என்று கேட்கிறாள் (படத்தில்!), இதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்திருக்கும், இனிமேல் என்ன நடக்கும் என்று கேட்கிறாள். எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் படத்தில் விரல் வைத்து ஆதாரம் காட்ட வேண்டும். பிறகு உட்கார்ந்து அதை எழுத வேண்டும். ஒரு வரி எழுத மூக்கால் அழுத பிள்ளைகள் எல்லாம் இப்போது மூன்று பக்கம் எழுதுகின்றன என்று மாடிப்படியில் நின்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். உன் அண்ணி சும்மா இருப்பாளா? “எங்க வீட்டுக்காரரே வரைவாரும்மா, நிஜப் படமே இருக்கு” என்று எடுத்துவிட்டாள்.

நான் மறுக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு என்னைத் தேடி யார் வருகிறார்கள்? என் படங்களிலேயே சிறந்ததான ‘நீரேற்று நிலையம், காலை வேளை’ என்பதை எடுத்துக் காட்டினேன். பதினான்கு வால்வு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டது, பிரதானக் குழாயின் விட்டம்கூட ஓரத்தில் குறித்திருக்கிறேன். அந்தப் பெண் தன் முறைப்படி ஐந்து நிமிஷம் அசையாமல் பார்த்தாள். “ரொம்ப சுத்தமா இருக்கு சார்” என்றாள். மறுநாள் நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் உன் அண்ணி ஹாலில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டாள். வந்து பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. “அது எதுக்குடி குடுத்தே?” என்றால், “அதுல மனுஷங்க இருக்காங்க” என்கிறாள். இது திட்டமிட்ட சதி என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

எந்தப் படம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒழுங்காகப் பதிவு செய்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு மேஜை, நான், உன் அண்ணி, நீ, மூன்று பேரும் டீ குடிக்கிறோம். ஆறு ஞாயிறு உன்னை ஒரே நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தேன். நீயும் அசையாமல் உட்கார்ந்து ஒரு டின் பிஸ்கட்டைத் தீர்த்தாய். உன் முகத்தை ஆபீஸ் கவராயத்தால் அளந்துதான் போட்டேன். படத்தைத் திறந்து காட்டிய அன்று என் மேலதிகாரி இருந்தார், என் மாமனார் இருந்தார், அக்கம்பக்கம் முழுக்க இருந்தது. அத்தனை பேர் முன்னால் நீ என்ன செய்தாய்? கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம் என்கிற தைரியத்தில் சட்டைப் பையிலிருந்து உன் பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்தாய். கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் வைத்து அளப்பாயே, அதேதான். அதைப் படத்தில் உன் மூக்கின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்த மூக்குக்கு என் கடையில ஃப்ரேமே கிடையாது, தனியா ஆர்டர் குடுத்துதான் செய்யணும்” என்றாய். சிரித்தார்கள். நான் பேசிய எதற்கும் ஒரு தடவைகூடச் சிரிக்காத என் மாமனார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். உன் அண்ணியைக் கேட்கவே வேண்டாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுநாள் காலையில் ஒரே மணி நேரத்தில் உன்னை இருந்த இடம் தெரியாமல் செய்தேன். படத்தில் நீ உட்கார்ந்திருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்பு பீரோ வந்தது. அடுத்த ஞாயிறு நீ வழக்கம்போல வந்தாய். படத்தைப் பார்த்தாய். கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாய். உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தவளிடம்கூடச் சொல்லாமல் படி இறங்கிப் போனாய். அவ்வளவுதான். நீ வருவாய் என்று நான் இருந்தேன், நான் கூப்பிடுவேன் என்று நீ இருந்திருப்பாய். பதினோரு வருஷம் போனதே தெரியவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். தெரிந்தது.

இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தில் யாரும் எந்தக் குறையும் கண்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் “நல்லா இருக்கே” என்று சொல்லிவிட்டு நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். முப்பத்து நாலு பிள்ளைகள் ஐந்தே நிமிஷம் பார்த்தார்கள், என் குட்டு உடைந்தது. படத்தில் இருப்பது இரண்டு பேர், கோப்பை மூன்று. உன் அண்ணி ஒரு பீரோவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். நான் பீரோவுக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டிக்கொண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு மேஜைக்குக் கீழே செருப்புப் போட்ட உன் இடது கால் அப்படியே இருக்கிறது. நாற்பது வருஷம் தரைக்கு அடியில் போகிற குழாயை வரைந்தவன், மேஜைக்கு அடியில் பார்க்க மறந்துவிட்டேன்.

டீச்சர் கட்டுரைக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஒருத்தி எழுதியிருக்கிறாள்: ‘பீரோவுக்குள் ஒருவர் இருக்கிறார். அவர் திருடன் இல்லை. திருடனுக்கு யாரும் டீ ஊற்றி வைக்க மாட்டார்கள்.’ இன்னொருவன்: ‘அந்த அம்மா பீரோவைப் பார்த்துச் சிரிக்கிறார். எங்கள் வீட்டுக்குப் புது பீரோ வந்தபோது எங்கள் அம்மாவும் இப்படித்தான் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.’ மூன்றாவது ஒருவன், இவன் பெரிய ஆளாக வருவான், எழுதுகிறான்: ‘இந்த பீரோவுக்குக் கைப்பிடி இல்லை. சாவித் துவாரமும் இல்லை. ஆகவே இதை உள்ளேயிருந்தும் திறக்க முடியாது, வெளியேயிருந்தும் திறக்க முடியாது. வரைந்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.’ கைப்பிடி போடவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கடைசியில் ஒரு தாள், பாதிகூட நிரம்பாதது. ‘அவர் ஒளிந்து விளையாடுகிறார். கண்டுபிடிக்க வேண்டியவர் தேடவில்லை, டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். அவர் இன்னும் உள்ளே சத்தம் போடாமல் இருக்கிறார்’ என்று எழுதி நிறுத்திவிட்டது அந்தப் பிள்ளை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். உன் கடைக் கண்ணாடி இல்லை, வேறு கடையில் வாங்கினேன். மூக்கில் நிற்பதே இல்லை, குனிந்தால் விழுகிறது.

“இத எழுதின பொண்ணு ரெண்டு நாளா மத்தியானம் சரியா சாப்பிடல சார். உள்ள இருக்கிறவருக்கு யாரு சாப்பாடு குடுக்கிறாங்கன்னு கேக்குது. நீங்களே ஒரு தடவை வந்து சொல்லிடுங்களேன்” என்றாள் டீச்சர். சின்னப் பிள்ளைகள்தானே, இரண்டு நிமிஷத்தில் பீரோ என்றால் பீரோதான் என்று புரியவைத்துவிட்டு வரலாம் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். உட்கார ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு நாற்காலி, உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தக் கோலத்தில் ஒரு மனுஷன் என்ன மரியாதையோடு பேச முடியும், சொல்லு. எதிரே கரும்பலகையில் நம் படம். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வக்கீல் பாப்பா கையில் குச்சியோடு எழுந்து நின்றது.

“சார், இது யாரோட கால்?”

“அது... பீரோவோட கால்ம்மா.”

“பீரோவுக்கு யாரு செருப்பு போட்டா?”

முப்பத்து நாலு ஜோடிக் கண். வாரியத்தில் தணிக்கைக்காரர்கள் வந்தபோதுகூட நான் அப்படித் திருதிருவென்று விழித்ததில்லை. “என் தம்பி கால்” என்று சொல்லிவிட்டேன்.

“தம்பிய ஏன் பீரோவுக்குள்ள வச்சீங்க?”

“உள்ள வைக்கலம்மா. மேல பெயின்ட் அடிச்சேன், அவ்வளவுதான்.”

“அப்ப பெயின்டுக்கு அடியில இருக்காரா?”

“ஆமா.”

“டீச்சர்! இன்னும் இருக்காராம் டீச்சர்!” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்த, வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. டீச்சர் கைதட்டி உட்காரவைத்தாள். விசாரணை தொடர்ந்தது. அவர் என்ன தப்பு செய்தார் என்று கேட்டார்கள். மூக்கைப் பெருசாகப் போட்டுவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான் என்றேன். பெருசாகப் போட்டீர்களா என்றார்கள். இல்லை, கவராயம் வைத்து அளந்து போட்டேன் என்றேன். “ஆதாரம் காட்டுங்க” என்று குச்சியை என் கையில் கொடுத்தது வக்கீல் பாப்பா. என்னத்தைக் காட்ட? ஆதாரம் பீரோவுக்கு அடியில் அல்லவா இருக்கிறது!

எத்தனை நாளாகப் பேசவில்லை என்றார்கள். பதினோரு வருஷம் என்றதும் ஒருவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “நாங்க யாருமே அப்ப பொறக்கல” என்று அறிவித்தான். அவர்களுக்கெல்லாம் எட்டு வயசாம். யார் முதலில் பேச வேண்டும் என்றார்கள். சின்னவன்தான் என்றேன், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. “எங்க வீட்ல பெரியவங்கதான் முதல்ல பேசணும் சார். அவங்களுக்குத்தான் விவரம் தெரியும்னு எங்கம்மா சொல்லிருக்காங்க. எங்கண்ணன் பேச மாட்டான், ஆனா ரூல் அதான்” என்றது ஒன்று. உதவிக்கு டீச்சரைப் பார்த்தேன். அவள் சாக்பீஸ் டப்பாவில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஜன்னல் ஓரத்திலிருந்து அந்தச் சாப்பிடாத பிள்ளை கேட்டது. குரலே வெளியே வரவில்லை, டீச்சர்தான் எனக்குத் திரும்பச் சொன்னாள். “அவர் இப்ப நல்லா இருக்காரா?”

இருப்பான் என்றேன். நல்லாத்தான் இருப்பான் என்றேன். “இருப்பாரா, இருக்காரா?” என்றது அந்தப் பிள்ளை. தம்பி, எனக்குப் பதில் தெரியவில்லை. உன் கடை இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா என்பதுகூட, உன் அண்ணி யாரிடமோ கேட்டு என் காதில் விழும்படி யாரிடமோ சொல்வதை வைத்துத்தான் தெரியும். உன் தம்பி நல்லா இருக்கானா என்று ஒரு குழந்தை கேட்கிறது, அறுபத்தாறு வயசுக்காரன் பேந்தப் பேந்த விழிக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம்கூட இல்லை, பயமாக இருந்தது. இவ்வளவு வருஷத்தில் உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். சரி, அதை விடு. இது அலுவல் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளியில் ஓவியமும் கட்டுரையும் சேர்த்து ஒரு கண்காட்சி. மற்ற வகுப்புகள் எல்லாம் எழுதி ஒட்டியாகிவிட்டது. மூன்றாம் வகுப்புச் சுவரில் நம் படமும், அதைச் சுற்றி முடிவில்லாத முப்பத்து நாலு கதையும். ‘இனிமேல் என்ன நடக்கும்’ என்பதை எழுத மாட்டோம், உண்மை தெரியாமல் எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். பெரிய டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு, “படமும் வேணாம், பீரோவும் வேணாம், வர்ற வாரத்துலேருந்து பழையபடி பசுவையே எழுதச் சொல்லுங்க” என்று உத்தரவு போட்டுவிட்டாராம். மாடி வீட்டுப் பெண் முகம் சுண்டிப்போய்விட்டது. பிள்ளைகள் கூடிப் பேசி ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிறவர் கையாலேயே ஒரு தாள் வந்தால் முடிவு எழுதுவார்களாம். என் வாக்குமூலம் செல்லாதாம்.

ஆகவே கீழ்க்கண்டபடி செய்யவும். எழுதுவது இரண்டு வரியைத் தாண்டக் கூடாது. மூக்கு என்ற சொல்லே வரக்கூடாது. நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், நானும் கேட்கப்போவதில்லை. நேரில் வரவே வேண்டாம். வந்தால் உன் அண்ணி டீ போடுவாள், மூன்று கோப்பை எடுத்து வைப்பாள், அப்புறம் எனக்கு எல்லாம் குழம்பிவிடும். உன் சிரமத்தைக் குறைக்க வாசகத்தையும் நானே தருகிறேன்: ‘மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, நான் பீரோவுக்குள் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.’ இதைப் பார்த்து எழுதினால் போதும். விரும்பினால் ‘என் அண்ணன் நல்லவர்’ என்று சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. சேர்த்தால் மூன்று வரியாகும், அதை அனுமதிக்கிறேன்.

உன் மகளை நான் கடைசியாகப் பார்த்தபோது என் கவராயத்தை எடுத்து மேஜையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது காலேஜ் போகிற வயசு என்று உன் அண்ணி கணக்குப் போட்டுச் சொல்கிறாள். அவளுக்குப் பெரியப்பாவின் ஆசி. ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய ஆசியிலிருந்து எல்லாம் பாக்கி, மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல். உன் மனைவிக்கும் என் ஆசி. மூத்தவன் தம்பியை வாழ்த்தாமல் கடிதத்தை மூடக்கூடாது என்பதால், நீயும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு.

இப்படிக்கு,
மூக்கு விஷயத்தில் இம்மியளவும் மனம் மாறாத,
உன் அண்ணன்.

பி.கு.: இதைத் தபாலில் போட மூன்று நாள் போய் மூன்று நாளும் திரும்பி வந்தேன். நேற்றுப் பெட்டிக்குள் பாதி போனதை வெளியே உருவினேன், பின்னால் நின்ற ஆள் ஒரு மாதிரி பார்த்தான். இன்றைக்கு வியாழக்கிழமை. இனிப் போட்டால் நாளைக்குள் சேராது. அதனால் பஸ் ஏறி வந்து, உன் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். கண்ணாடிக் கதவு வழியாக நீ தெரிகிறாய். இருக்கிறாய். என்னடா இப்படி நரைத்துவிட்டாய்? யாரோ ஒரு கிழவருக்கு ஃப்ரேம் மாட்டி, காதுக்குப் பின்னால் நெருடுகிறதா என்று குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். மேலே எழுதின ஒன்றையும் படிக்காதே, அந்த இரண்டு வரியும் வேண்டாம். நாளைக்கு நீயே என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வா, வராவிட்டால் அந்தப் பிள்ளை சாப்பிடாது. தப்பு என் பேரில்தான்டா, மன்னிச்சுக்கோ. மூக்கைப் பொறுத்தவரை, இங்கேயிருந்து பார்த்தால் சின்னதாகத்தான் தெரிகிறது. தூரம் காரணமாக இருக்கலாம். அந்தக் கிழவர் எழுந்து போகட்டும், கிட்டே வந்து பார்த்துச் சொல்கிறேன்.